கருவாடும் பாதரசமும்: தாய்மார் அறிய வேண்டியவை

பொண்டியில் இருந்து லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனால், திரும்பும்போது பையில் ஒரு பைக்கற் கருவாடாவது இருக்கும். கருவாடு புரதச்சத்து நிறைந்த உணவுதான். ஆனால் எல்லாக் கருவாடும் ஒன்றல்ல. சுறாக் கருவாட்டில் கவனம் தேவை.

பாதரசம் எப்படி வருகிறது?

நிலக்கரி எரிப்பதாலும் தங்கச் சுரங்கங்களாலும் வெளியேறும் பாதரசம் கடலில் சேர்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதனை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, அது பெரிய மீனின் தசையில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் சுறா, வாள்மீன் போன்றவற்றில் கூடுதலாக இருக்கிறது.

மீன் காயும்போது தண்ணீர் போகும், பாதரசம் போகாது. ஒரு கிலோ கருவாட்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பச்சை மீன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பச்சைச் சுறாவுக்கு ஐரோப்பியச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 1 மில்லிகிராம். அந்த அளவு உள்ள சுறாவைக் காயவைத்தால், 30 கிராம் கருவாட்டிலேயே 75 மைக்ரோகிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2012இல் வகுத்த வார எல்லை 78 மைக்ரோகிராம் மட்டுமே!

சுடுதண்ணீரில் ஊறவைத்தால் உப்புக் குறையும். பாதரசம் தசையோடு ஒட்டியிருப்பதால், ஊறவைத்தாலும் பொரித்தாலும் போகாது.

யாருக்கு ஆபத்து?

வயிற்றில் உள்ள சிசுவின் மூளைக்கே பெரிய ஆபத்து. ஜப்பானின் மினமாட்டாவில், தொழிற்சாலைக் கழிவால் நஞ்சான மீனை உண்டவர்களின் நோய் 1956இல் கண்டறியப்பட்டது. தாய்க்குப் பெரிய நோய்க்குறி இல்லாதபோதும் பிள்ளைகள் மூளைப் பாதிப்புடன் பிறந்தார்கள். நாம் உண்ணும் மீனில் அவ்வளவு பாதரசம் இல்லை. ஆயினும் தாயைப் பெரிதாகத் தாக்காத அளவும் சிசுவைத் தாக்கலாம் என்பதே அதில் கிடைத்த பாடம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா கொடுப்பது எங்கள் வழக்கம். ஊரில் அதற்குச் சின்னப் பால்சுறாவைத் தேடி வாங்குவார்கள். வெட்டிக் காயவைத்த துண்டைப் பார்த்து, சுறா சிறிதா பெரிதா என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுறாவையும் வாள்மீனையும் தவிர்க்க வேண்டும் என்பது பிரான்சின் ஆன்செஸ் நிறுவனத்தின் அறிவுரை.

என்ன செய்யலாம்?

* பத்தியச் சரக்குக் கறியைச் சாளை, சூடை போன்ற சின்ன மீனில் வையுங்கள். இங்கத்தைய சார்டினும் நல்லது.
* நெத்தலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் நீக்குங்கள். கட்மியம் என்ற உலோகம் உள்ளுறுப்புகளில்தான் அதிகம் தங்கும்.
* திருக்கை, சூரை போன்றவற்றைக் கர்ப்பிணிகள் குறைத்து உண்ண வேண்டும்.
* உடலில் உள்ள பாதரசத்தில் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதமாகும். எனவே பிள்ளைக்கு எண்ணும்போதே சுறாவை நிறுத்துங்கள்.

ஏற்கனவே சாப்பிட்டுவிட்டோமே என்று பயந்து தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். மீனைக் கைவிடத் தேவையில்லை, சின்ன மீனாகப் பார்த்து வாங்கினால் போதும்.