தோற்றால் எல்லோரும் தோற்போம்!

பலகை விளையாட்டு என்றதும் எமது வீடுகளில் நினைவுக்கு வருபவை கரமும் டாமும் லூடோவும் பாம்பும் ஏணியும்தான். ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பதே இவற்றின் முறை. சின்னவன் அழுவான், பெரியவன் பரிகசிப்பான், உம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து சமாதானம் செய்வார். மேல்நாடுகளில் இதற்கு மாறான ஒரு வகை வளர்ந்திருக்கிறது. அதில் விளையாடுவோர் அனைவரும் ஒரே அணி. எதிரி, பலகைதான்!

இவற்றுள் பல மாயக் கதைகளையும் திகில் கதைகளையும் தழுவியவை. 1987 இல் அமெரிக்காவில் வெளிவந்த "ஆர்க்கம் ஹொரர்" அவற்றுள் முன்னோடியான ஒன்று. லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் திகில் கதைகளில் வரும் கற்பனை நகரமே ஆர்க்கம். அதன் தெருக்களில் வேற்றுலக வாயில்கள் திறந்து பூதங்கள் நுழையும். விளையாடுவோர் துப்பறிவாளராக அலைந்து அவ்வாயில்களை அடைக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் உடல் பலம், மனத் தெளிவு என இரண்டு கணக்குகள் உண்டு. 2000 இல் ரெய்னர் நிஸியா ஆக்கிய "லோர்ட் ஒஃப் த றிங்ஸ்" விளையாட்டில் ஒரு கோட்டின் ஒரு முனையில் சிறு மனிதர்கள், மறு முனையில் தீயவன். ஒருவர் வீழ்ந்தாலும் மற்றவர்கள் தொடரலாம். மோதிரத்தைச் சுமப்பவர் வீழ்ந்தாலோ எல்லாம் முடிந்தது.

பொழுதுபோக்குக்கு ஏன் பயம் என்று கேட்கத் தோன்றும். தொலைக்காட்சியில் பேய்ப் படம் பார்க்கும் பிள்ளை வாய்பொத்தித் தனியே பயப்படுகிறது. மேசையைச் சுற்றி இருப்போரோ தம் பயத்தை வாய்விட்டுப் பேசியே ஆகவேண்டும். பேசாவிட்டால் விளையாட்டு நகராது.

சென்ற பெருநாள் விடுமுறையில் அக்குறணையில் ஒரு தோழி வீட்டில் நாம் நால்வர் கூடி இப்படியொன்றை விளையாடிப் பார்த்தோம். "ஃபோர்பிடன் ஐலண்ட்" என்ற அந்தப் பெட்டியை லண்டனில் வசிக்கும் தோழி கொண்டுவந்திருந்தார். மெட் லீகொக் என்பவர் ஆக்கி, 2010 இல் வெளிவந்தது. 24 சதுர அட்டைகளைப் பரப்பினால் அதுவே தீவு. நீர் ஏறஏறச் சதுரங்கள் ஒவ்வொன்றாய் மூழ்கும். நான்கு புதையல்களையும் எடுத்து, இறங்குதுறைக்கு எல்லோரும் வந்து, ஹெலிகொப்டரில் தப்ப வேண்டும். ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது. அரை மணித்தியாலம்தான், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் இரண்டு தடவை ஆடினோம். ஆர்க்கம் என்றால் முழு இரவும் போயிருக்கும்.

முதல் தடவை மூத்த ராத்தாவே எல்லோருக்குமாக விளையாடினார். "நீங்க அங்கால போங்க, இவ இங்கால வரட்டும்" என்று அவர் சொல்லச் சொல்ல நாம் காய்களை நகர்த்தினோம். கலியாணமாகி அந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதமான மருமகள் தன் முறை வந்தபோதெல்லாம் ராத்தாவின் முகத்தையே பார்த்தாள். இறங்குதுறை மூழ்கியது, தோற்றோம்.

கூடி விளையாடும் ஆட்டங்களில் எங்கும் உள்ள கோளாறுதான் இது என்றார் லண்டன் தோழி. ஒருவர் தலைவராகிவிட்டால் மற்றவர்கள் வெறும் கைகளாகிவிடுவர். எனவே தாமே ஒரு விதி வைத்தார்: முறை யாருடையதோ, அவர் கேட்டாலன்றி மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. மருமகளுக்குக் கிடைத்தது பொறியியலாளர் வேடம். மற்றவர்கள் ஒரு சதுரத்தை மீட்கும் நேரத்தில் பொறியியலாளர் இரண்டை மீட்கலாம். மூன்றாவது புதையலை எடுக்க ஓடுவாள் என்று நாம் நினைத்திருக்க, அவள் திரும்பிவந்து இறங்குதுறையையும் பக்கத்துச் சதுரத்தையும் உயர்த்தினாள். ராத்தாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது, விதி தடுத்தது. அடுத்த சுற்றிலேயே இறங்குதுறையின் அட்டை திரும்பவும் புரண்டது. அவள் உயர்த்தியிராவிட்டால் அங்கேயே கதை முடிந்திருக்கும். "எப்படி மகள் யோசிச்சீங்க?" என்று கேட்ட ராத்தா, பிறகு தம் முறை வந்தபோதெல்லாம் அவளிடமே யோசனை கேட்டார்.

வாங்க நினைக்கும் சகோதரிகள் பெட்டியின் உள்ளே இருப்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பந்தயம் இல்லாவிடினும் தாயக்கட்டை உருட்டி ஆடுவதை மார்க்க அறிஞர் பலர் தடுத்துள்ளனர். ஆர்க்கமில் தாயக்கட்டை உண்டு. தீவு விளையாட்டில் அட்டைகள் மட்டுமே. "மிஸ்டீரியம்" என்பது வாய் பேசாத ஒருவர் காட்டும் படங்களைக் கொண்டு கொலையாளியை ஊகிக்கும் அழகான ஆட்டம். ஆனால் அந்த ஊமை, இறந்தவரின் ஆவி என்பது கதை. எமது வீட்டுக்கு அது வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆவிகளிடம் கேள்வி கேட்பதாகச் சொல்லி அமெரிக்காவில் 1890களிலிருந்து விற்கப்படும் "ஊயிஜா" பலகை இவற்றோடு சேர்ந்ததே அல்ல. அதில் வெல்லவும் தோற்கவும் எதுவுமில்லை.

வயதையும் பாருங்கள். தீவு விளையாட்டைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு தாராளமாக ஆடலாம். 2004 இல் வந்த "பிட்ரேயல் அட் ஹவுஸ் ஒன் த ஹில்" என்ற பேய்வீட்டு ஆட்டத்திலோ, பெரும்பாலும் கூட வந்தவர்களுள் ஒருவரே நடுவில் துரோகியாக மாறிவிடுவார். நேற்றுவரை கைகோத்து நின்ற ராத்தாவே எதிரியானால் சின்னப் பிள்ளைகள் இரவில் தூங்கமாட்டார்கள்.