காத்திருக்கும் காலம்



எங்கள் சூலக்கரையைச் சுற்றிலும் கரிசல் பூமி. மானாவாரி நிலத்தில் விதைத்தவன் வானத்தைப் பார்த்து நிற்பதைச் சிறு வயது முதலே கண்டிருக்கிறேன். அவ்வாறு காத்து நிற்பதால் ஆன்மாவுக்கு ஆதாயம் உண்டோ? இப்பக்கத்து மண்ணிலேயே உழைத்து மறைந்த ஒருவரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

தாமஸ் ராக்லண்டு கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றுச் சிறந்தவர்; சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராயிருந்தவர். 1854இல் சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் ஊழியத்தைத் தொடங்கினார். கூடாரமே வீடு, நெஞ்சிலோ காசநோய். தென்திருநெல்வேலிச் சபைகள் முறைவைத்து அனுப்பிய தமிழ் உபதேசியார்கள் துணை நின்றனர். ஊர் ஊராகச் சென்றார்கள். கேட்டோர் பலர், திருமுழுக்குப் பெற்றோர் மிகச் சிலர்.

கணக்குப் படித்தவருக்கு இது கடினமான கணக்குத்தான். தேர்வு முடிவைக் கொண்டே ஆண்டுகளை அளந்து பழகிய என்போன்ற பள்ளி ஆசிரியர்களுக்கு அது நன்கு விளங்கும். அவரோ, நிலத்தில் விழுந்து மறையும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் உரைத்த உவமையையே தம் ஊழியத்தின் திட்டமாகக் கொண்டார். பலனைத் தாமே காணவேண்டும் என்னும் ஆசையை அக்கூடார வாழ்வில் சிறிது சிறிதாகக் கைவிட்டார், உழைப்பைக் கைவிடவில்லை. 1858 அக்டோபர் 22ஆம் நாள், கரிசலில் விதைப்புக் காலத்தில், நாற்பத்து மூன்றாம் வயதில் சிவகாசியில் உயிர் நீத்தார்.

பிற்காலத்தில் அவருடைய சரிதத்தை எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அந்த அம்மையாரும் 1931இல் தவறி விழுந்து அடிபட்டு, 1951இல் மறையும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்து நூல்கள் எழுதினார். ராக்லண்டைப் பற்றி எழுதிய நாளில், தமக்கும் அத்தகையதொரு காலம் காத்திருப்பதை அவர் அறிந்திருக்க இயலாது.