'பட்டாசு கிடைக்குமா ப்ரோ?' என்று தொடங்கும் நட்பு... வீட்டு வாசல் வரை வரும்போது!

சிவகாசிக்காரர் ஒருவருக்கு ஆன்லைனில் புது நண்பர் கிடைத்தால், 'ஹாய்', 'எந்த ஊர்?' என்ற இரண்டு மெசேஜுக்கு அடுத்து எப்படியும் அந்தக் கேள்வி வந்து விழும். "ஃபேக்டரி ரேட்ல பட்டாசு கிடைக்குமா ப்ரோ?"

கேட்பவர்மீது தப்பில்லை. நாட்டின் பட்டாசில் பெரும்பங்கு இந்த ஊரைச் சுற்றித்தானே தயாராகிறது! பதில் சொல்பவர் பாடுதான் திண்டாட்டம். இணைய விற்பனைத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தபாலில் அனுப்பவும் வழியில்லை. "சரி, நேர்ல வந்து வாங்கிட்டு ட்ரெயின்ல போயிடுறேன்" என்றால் அதுவும் குற்றம். ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

இந்த ஆசையைத்தான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் போதும், 'சிவகாசி' என்று பெயர் வைத்துக்கொண்டு புதிது புதிதாகப் பக்கங்கள் முளைக்கும். தள்ளுபடி, அன்பான பேச்சு, ஜிபேயில் பணம்... பிறகு அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். ஆக, செல்போன் திரையில் நிஜ சிவகாசிக்காரரும் போலியும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். வித்தியாசம் தெரிவது வீடியோ காலில், பின்னால் இருந்து ஓர் அம்மா குரல் கொடுக்கும்போதுதான். "யாருப்பா போன்ல? சாப்பிட்டாங்களான்னு கேளு." நட்பு குடும்பத்துக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான்.

பட்டாசுத் தொழில் செய்யும் ஊர்களில் இந்த அறிமுகத்துக்கு இன்னொரு அவசியமும் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. டிவியில் 'சிவகாசி அருகே' என்று ஃப்ளாஷ் நியூஸ் ஓடும். சம்பவ இடம் சாத்தூர் பக்கமாக இருக்கலாம், வெம்பக்கோட்டையாக இருக்கலாம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நண்பருக்கு அது எப்படித் தெரியும்? 'நல்லா இருக்கீங்களா?' என்று மெசேஜ் போடுவார். பட்டாசு வேலை நடக்கும் அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வேலை முடிந்து ஆள் வெளியே வரும் வரை நீல டிக் விழாது. வீட்டில் இன்னொருவரின் நம்பர் கையில் இருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் சாயங்காலம் வரை பரிதவிப்புதான்.

வீட்டாருக்குத் தெரியாமலே ஒரு நட்பு முடிந்துபோவதும் உண்டு. நார்வேயைச் சேர்ந்த மேட்ஸ் ஸ்டீன், தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எந்நேரமும் கம்ப்யூட்டர் கேமில் மூழ்கியிருந்த மகனுக்கு நண்பர்களே இல்லை என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள். 2014-ல், 25 வயதில் மேட்ஸ் இறந்தார். அந்தச் செய்தியை அப்பா இணையத்தில் எழுத, பல நாடுகளிலிருந்து ஆறுதல் மெயில்கள் குவிந்தன. இறுதிச் சடங்குக்கு வெளிநாடுகளிலிருந்தே நண்பர்கள் வந்து நின்றார்கள். மகனின் நண்பர்களைப் பெற்றோர் முதல்முறை பார்த்தது அன்றுதான்.

நமக்கு இது புதுக்கதை இல்லை. உறையூர்ச் சோழன் கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மன்னன் வடக்கிருந்தபோது, 'அவர் வருவார், இடம் வையுங்கள்' என்றான். சுற்றியிருந்தவர்கள் நம்பவில்லை. புலவர் வந்து சேர்ந்தார்.

சந்தோஷமான கதையும் இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் வாண்டா டென்ச் என்ற பாட்டி, தன் பேரனுக்கு அனுப்புவதாக நினைத்து விருந்து அழைப்பைத் தவறான நம்பருக்கு அனுப்பிவிட்டார். அது போய்ச் சேர்ந்தது ஜமால் ஹின்டன் என்ற 17 வயதுப் பையனுக்கு. 'நீங்க என் பாட்டி இல்லை, ஆனாலும் சாப்பிட வரலாமா?' என்கிற மாதிரி அவன் கேட்க, பாட்டி தாராளமாக வரச் சொன்னார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அந்த விருந்து தொடர்ந்தது. 2020-ல் வாண்டாவின் கணவர் கொரோனாவில் இறந்தபோதும் நிற்கவில்லை.

எடுத்த எடுப்பில் வீட்டுக்கே கிளம்பிவிட வேண்டும் என்பதில்லை. இணையத்தில் தமிழ் எழுதுபவர்கள் 2012-ல் சென்னை, 2014-ல் மதுரை, 2015-ல் புதுக்கோட்டை என்று மண்டபத்தில் கூடித்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். முதல் சந்திப்புக்கு அப்படி நாலு பேர் நடமாடும் இடமே நல்லது, முக்கியமாகப் பெண்களுக்கு. போகிற இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

நம்பிக்கை வந்து, குடும்பத்தோடு சிவகாசிக்குக் கிளம்புகிறீர்களா? தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் மட்டும் போய் நிற்காதீர்கள். உங்கள் நண்பருக்குப் பேசக்கூட நேரம் இருக்காது. பங்குனிப் பொங்கல் சமயம் பொருத்தமானது. வெளியூரில் பிழைக்கும் சொந்தங்களெல்லாம் திரும்பி வர, விருதுநகரும் சிவகாசியும் திமிலோகப்படும். அந்தக் கூட்டத்தில் ஒரு குடும்பம் கூடுதலாக வந்தால் யாருக்கும் பாரமில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் இரண்டு ஊர்களிலும் நிற்கும். ராத்திரிச் சாப்பாடு விருதுநகர் எண்ணெய் பரோட்டாவாக இருந்தால் இன்னும் விசேஷம்.

ஊர் திரும்பும்போது பையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் சேவு, சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர் எல்லாம் இருக்கலாம். பட்டாசுக்கு மட்டும் இடமில்லை. பொடிசுகள் சும்மா விடுமா? கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நண்பரின் வீட்டு வாசலிலேயே ஆளுக்கொரு பெட்டி கம்பி மத்தாப்பு கொளுத்திவிட்டுத்தான் பெட்டி கட்ட வேண்டும்.