உங்களுக்குத் தெரியுமா? ஸ்டியரிங் தண்டும் 5 வோல்ட்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக வெகுவாகச் சுழற்ற வேண்டியிருப்பதால், அதன் தண்டு ஓட்டுநரின் ஆகிருதிக்குப் பொருந்தியிருப்பது சௌகரியம் மட்டுமன்று, அவசியமுமாகும். மோட்டாரால் ஏறியிறங்கும் தண்டுள்ள கார்களில், தண்டு நிற்கும் ஸ்தானத்தைக் கணினிக்கு அறிவிக்கும் சென்சார் பழுதுற்றால், தண்டு பாதியில் நின்றுவிடும். அல்லது பதிந்து வைத்த நிலைக்குத் திரும்பாது.

அந்தச் சென்சார் பொட்டென்ஷியோமீட்டர் வகையாயின், சாவியைத் திருப்பி, ஒரு முனையில் 5 வோல்ட்டும் மற்றொன்றில் எர்த்தும் வருகின்றனவா என்று மல்ட்டிமீட்டரால் பரிசோதித்து, பின்பு தண்டை நகர்த்துகையில் சிக்னல் ஒயரின் வோல்ட் அளவு படிப்படியாக மாறுகிறதா எனக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் அது திடீரென விழுந்தெழுந்தால் சென்சாரின் உட்தடம் தேய்ந்திருக்கிறது. 5 வோல்ட்டே வராவிடில், பெரும்பாலும் குற்றம் ஒயரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கும். தண்டோடு மடிந்து மடிந்து உறைக்குள்ளேயே அறுந்துபோன ஒயரையும், ஈரத்தால் களிம்பேறிய கனெக்டரையும் பாராமல் புதுச் சென்சார் வாங்குவது வீண் விரயம்.

ஏர்பேக்கும் அங்கேயே இருக்கிறது: தண்டின் உறையைப் பிரிக்குமுன் பேட்டரியைக் கழற்றி, கார்க் கையேடு விதிக்கும் நேரம் காத்திருங்கள், மஞ்சள் நிறக் கனெக்டரில் ஒருபோதும் மீட்டரை வைக்காதீர்கள்.