ஒற்றைப்படை வடக்கே, இரட்டைப்படை தெற்கே

சிங்கப்பூரில் காலாங் பக்கமிருந்து கேலாங் சாலையில் கிழக்கே நடப்பவருக்கு ஓர் ஒழுங்கு சீக்கிரமே பிடிபட்டுவிடும். இடக்கைப் பக்கம், அதாவது வடக்கே பிரியும் சந்துகள் ஒற்றைப்படை எண் கொண்டவை: லோரோங் 9, 11, 13. வலக்கைப் பக்கம் இரட்டைப்படை: 10, 12, 14. பாய லேபாரை நெருங்க நெருங்க எண் ஏறி நாற்பதைத் தாண்டும். "லோரோங் 17க்கு வாங்க" என்று சொன்னால் போதும். எந்தப் பக்கம் திரும்புவது, தாண்டி வந்துவிட்டோமா இல்லையா என்பதை ஊருக்குப் புதியவரும் யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்வார்.

மென்பொருளின் பதிப்பு எண்ணும் இந்த வேலையைத்தான் செய்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்குப் பல ஆண்டுகள் இதே ஒற்றை, இரட்டை விதி இருந்தது. 2.4 என்பதில் இரண்டாம் எண் இரட்டைப்படை, ஆகவே நம்பி நிறுவலாம். 2.5 என்றால் சோதனைப் பதிப்பு, உருவாக்குபவர்களுக்கானது. 2003 டிசம்பரில் 2.6 வந்தபின் அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

இன்று பரவலாக இருப்பது மூன்று எண் முறை. கிட்ஹப் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் அதற்கு விதிகள் எழுதினார். 4.2.7 என்ற பதிப்பை எடுத்துக்கொள்வோம். கடைசி எண் ஏறினால் பிழை திருத்தம் மட்டும். நடு எண் ஏறினால் புதிய வசதி சேர்ந்திருக்கிறது, பழையது எதுவும் கெடவில்லை. முதல் எண் ஏறினால் எச்சரிக்கை: இதை நம்பி எழுதிய உங்கள் நிரல் இனி ஓடாமல் போகலாம். வேறு வழியும் உண்டு. உபுண்டு இயங்குதளத்தின் 24.04 பதிப்பு 2024 ஏப்ரலில் வெளியானது. அங்கே எண்ணே தேதி.

நல்ல எண் முறை நடுவில் புதிதாக ஒன்று வந்தாலும் குலையாது. கேலாங்கில் லோரோங் 24க்கும் 26க்கும் இடையே 24ஏ இருக்கிறது. அதற்காக எந்தச் சந்தின் எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை, எந்த வீட்டு முகவரியும் பொய்யாவதில்லை. 4.2க்கும் 4.3க்கும் நடுவே ஓர் அவசரத் திருத்தம் 4.2.1 என்று வருவதும் அப்படித்தான்.

சிக்கல், எண்ணைக் கணினி படிக்கும்போது தொடங்குகிறது. சந்துகளின் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கச் சொன்னால் அது லோரோங் 10ஐ லோரோங் 9க்கு முன்னால் வைக்கும். எழுத்தெழுத்தாக ஒப்பிடும்போது 9ஐவிட 1 முந்தியது. பதிப்பு எண்ணிலோ இன்னொரு பொறியும் இருக்கிறது: அதிலுள்ள புள்ளி தசமப் புள்ளி அல்ல. 1.9க்கு அடுத்தது 1.10. கணக்கில் 1.10 சிறியது, பதிப்பில் அதுவே புதியது. 2021 அக்டோபரில் பைத்தான் நிரல்மொழியின் 3.10 பதிப்பு வந்தபோது பலர் இதில் மாட்டிக்கொண்டார்கள். அமைப்புக் கோப்பில் மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுத, கணினி அதைத் தசம எண்ணாக எடுத்துக் கடைசிப் பூஜ்ஜியத்தை உதறிவிட்டது. பிறகு 2009இல் வெளியான பைத்தான் 3.1ஐத் தேடிப் போய்த் திணறியது.

இதை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும்? இன்றைய ஒரு செயலி, முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான நிரல் தொகுப்புகளின் மேல் நிற்கக்கூடும். முதல் எண் மாறாதவரை புதிய பதிப்பைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும்படி பல கருவிகளை அமைத்திருக்கிறார்கள். அந்த எண் உண்மைதானா என்று சோதிக்கும் சட்டமோ காவலோ கிடையாது. வெளியிடுபவர் பெரிய மாற்றத்தைச் செய்துவிட்டுச் சிறிய எண்ணை ஏற்றினால், அவருக்குத் தெரியாத ஊரில் தெரியாத ஒருவரின் வேலை நின்றுபோகும். பதிப்பு எண் என்பது அந்தத் தெரியாதவருக்குக் கொடுக்கும் வாக்கு. நிரலை எழுதும்போது காட்டும் அக்கறையை அதற்கு எண் இடும்போதும் காட்டுவது நம் கடமை.