தலைகளை எண்ணுவதா, தலைவர்களை எண்ணுவதா?
திருச்சபைத் தலைமையின் ஆரோக்கியத்தை அளப்பது குறித்து ஒரு பார்வை

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று வந்த நண்பர்களுக்குக் கியா பார்ம் என்றதும் சந்தைதான் நினைவுக்கு வரும். முட்டைக்கோஸ், ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், வாரக் கடைசியில் நகராத வாகன வரிசை. அந்தச் சந்தையைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை நோக்கிப் பிரியும் குறுகிய சாலையில் திரும்பினால் நான் வளர்ந்த உலகம் வரும். அங்கே தேயிலைச் சரிவின் ஓரத்தில் ஒரு சிறிய ஜெபவீடு இருந்தது. அதன் மூப்பர் என் தாத்தா.

கதவைத் திறப்பவர் அவர். பாடல்களைத் தேர்ந்தெடுப்பவர், காணிக்கையை எண்ணுபவர், கணக்கெழுதுபவர், ஆயர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் செய்பவர் எல்லாம் அவரே. வாரந்தோறும் வருகை எண்ணிக்கையைப் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி வைப்பார். முப்பது பேர் என்று தொடங்கிய எண்ணிக்கை, நான் மூன்றாம் படிவம் படித்தபோது அறுபதைத் தொட்டது. "சபை வளருது'யா" என்று அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டி மகிழ்ந்தார்.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவு தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை மூடுபனியில் நாற்பது பேருக்கு மேல் ஜெபவீட்டின் வாசலில் நின்றார்கள். சாவி தாத்தாவின் சட்டைப் பையில் இருந்தது. மாற்றுச் சாவி யாரிடமும் இல்லை. யார் ஜெபிப்பது, யார் பாட்டைத் தொடங்குவது என்பதும் தெரியவில்லை. கடைசியில், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கூரையின் ஓரத்தில் நின்றபடியே பாடத் தொடங்கினார். எல்லாப் பாடல்களும் அவருக்கு மனப்பாடம். அதுவரை யாரும் அவரைப் பாடச் சொன்னதில்லை.

அறுபது என்ற எண்ணிக்கை பொய்யல்ல. ஆனால் அது அளக்க வேண்டியதை அளக்கவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் காலைதான்.

எண்ணிக்கையின் வரலாறு

சபை வளர்ச்சியை முறைப்படி அளக்க வேண்டும் என்ற சிந்தனைக்கு இந்தியத் தொடர்பு உண்டு. மத்திய இந்தியாவின் தமோ நகரில் 1897ஆம் ஆண்டு பிறந்த டொனால்ட் மெக்கவ்ரன் என்ற அமெரிக்க அருட்பணியாளர், பல ஆண்டுகள் உழைத்தும் சில சபைகள் வளர்வதும் சில தேங்குவதும் ஏன் என்று ஆராய்ந்தார். அவரது முதல் முக்கிய நூல் 1955இல் வெளிவந்தது. 1965இல் அமெரிக்காவின் புல்லர் இறையியல் கல்லூரியில் இதற்கென ஒரு துறையே அவர் தலைமையில் தொடங்கியது. எண்ணாமல் விட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வோம் என்பது அவரது நிலைப்பாடு. அதில் நியாயம் உண்டு.

ஆயினும், எண்ணிக்கை மட்டும் போதுமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. ஜெர்மானியரான கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ், 32 நாடுகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சபைகளை ஆராய்ந்து 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆரோக்கியமான சபைக்கு எட்டுத் தன்மைகளை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் முதலாவது, பிறரை ஆற்றல் உள்ளவர்களாக்கும் தலைமை. தானே எல்லாவற்றையும் செய்து முடிப்பவரை அவர் நல்ல தலைவர் என்று சொல்லவில்லை. மற்றவர்களைச் செய்ய வைப்பவரையே சொன்னார்.

எட்டில் எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வளர்ச்சியைத் தடுக்கும் என்பது அவரது இன்னொரு கருத்து. இது வேளாண்மையிலிருந்து வந்தது. மண்ணில் எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற வேதியியலாளர் பரப்பிய விதி அது. பல பலகைகளால் ஆன பீப்பாயில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரைதான் நிற்கும். எங்கள் ஜெபவீட்டில் பாட்டும் ஜெபமும் அன்பும் நீண்ட பலகைகள். குட்டைப் பலகை, தலைமை ஒருவரோடு நின்றுபோனது.

செடி கற்றுத் தரும் பாடம்

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு இது புதிய செய்தி அல்ல. தேயிலையைக் கவாத்துச் செய்யாமல் விட்டால் அது மரமாகிவிடும். பார்க்கப் பெரிதாக இருக்கும், கொழுந்து கைக்கு எட்டாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டி, இடுப்பளவு மட்டத்தில் வைத்திருப்பதால்தான் பக்கக் கிளைகள் பெருகி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கொழுந்து தொடர்ந்து வருகிறது. தோட்டக்காரர் செடியின் உயரத்தைப் பார்த்து மகிழ்வதில்லை. புதிய தளிர்களையே எண்ணுகிறார்.

திருச்சபைத் தலைமைக்கும் இதுவே பொருந்தும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், தன்னிடம் கேட்டதை நம்பகமானவர்களிடம் ஒப்படைக்கவும், அவர்கள் மேலும் பிறருக்குக் கற்பிக்கத் தக்கவர்களாக இருக்கவும் வேண்டும் என்கிறார். பவுல், தீமோத்தேயு, நம்பகமானவர்கள், பிறர் என அங்கே நான்கு தலைமுறைகள் இருக்கின்றன.

தமிழ்த் திருச்சபையின் சொந்த அளவுகோல்

நம் வரலாற்றை இந்தக் கோலால் அளந்து பார்ப்போம். சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் கரையிறங்கிய ஆண்டு 1706. முதல் இந்தியப் புராட்டஸ்டன்ட் ஆயராக ஆரோன் அங்கே குருப்பட்டம் பெற்றது 1733இல். அதாவது 27 ஆண்டுகள். ஆனால் அந்த மரபில் வந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு முதல் தமிழ்ப் பேராயராக ராஜா மாணிக்கம் பொறுப்பேற்றது 1956இல்தான். கரையிறங்கி 250 ஆண்டுகளுக்குப் பிறகு! இடைப்பட்ட காலத்தில் ஆலயங்களும் பள்ளிகளும் பெருகின, விசுவாசிகளும் பெருகினர். உச்சிப் பொறுப்பு மட்டும் கைமாறவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் நம்மிடமே உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். இந்தியரின் பணம், இந்தியரின் உழைப்பு, இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஊழியத்திற்குக் கொடுக்கும் பெண்களின் வழக்கம் திருநெல்வேலிச் சபைகளில் பெயர் பெற்றது. 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளையர் இந்தியரைச் சமமான நண்பராக நடத்துவதில்லை என்று அவர்கள் முன்னிலையிலேயே அசரியா பேசினார். 1912இல் டோர்ணக்கல் பேராயரானபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

நம் நாட்டிலும் இதே கணக்கு உண்டு. 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் பணி, மலேசியா சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையாகத் தன்னாட்சி பெற்று, யாப் கிம் ஹாவ் முதல் ஆசியப் பேராயராகத் தேர்வானது 1968இல். 83 ஆண்டுகள்.

எதை அளப்பது?

சிறிய சபைகூடப் பயன்படுத்தக்கூடிய ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன்.

1. ஒவ்வொரு பொறுப்பையும் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவர் மட்டும் என்றால் அது ஆபத்து. இருவர் இருந்தால் மூச்சு விடலாம்.

2. கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை பொறுப்புகள், முன்னவர் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே கைமாறின? மரணத்தாலோ சண்டையாலோ மட்டுமே மாறும் பொறுப்பு ஆரோக்கியமானதல்ல.

3. கணக்கு எத்தனை பேர் கண்ணில் படுகிறது? சபையார் முன் வாசிக்கப்படுகிறதா?

4. பெண்கள், இளையோர், கூலி வேலை செய்வோர் ஆகியோரில் எத்தனை பேர் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள்? தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல். அதன் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா பொறுப்பேற்றது 2013இல்.

5. தலைவரிடம் "இது சரியில்லை" என்று சொன்னவர் இன்னும் சபையில் இருக்கிறாரா?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். அளவுகோலே இலக்காகிவிட்டால் ஏமாற்றுவது எளிது. நால்வருக்குத் துணைத் தலைவர் என்று பட்டம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆகவே பட்டியலில் உள்ள பெயரைப் பார்க்காதீர்கள். அவர் தனியாக எடுத்த முடிவு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். தலைவரின் நேர்மை, பொறுமை, தாழ்மை போன்றவை எந்தப் படிவத்திலும் முழுமையாக அடங்காது என்பதும் உண்மை.

மீண்டும் கியா பார்ம்

தாத்தா பிழைத்து வந்தார். நடந்ததைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு கியா பார்மில் சாமான் வாங்கப் போனவர், மூன்று மாற்றுச் சாவிகள் செய்யக் கொடுத்துவிட்டு வந்தார். ஒன்றை அந்த அக்காவிடம் கொடுத்தார். கணக்கு நோட்டை என்னிடம் நீட்டி, "இந்த மாசம் நீ எழுது. தப்பாப் போனாலும் பரவால்ல, நான் இருக்கேன்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விடச் சிறந்த தலைமைப் பயிற்சியை நான் எந்தக் கருத்தரங்கிலும் பெற்றதில்லை.

இன்று அந்த ஜெபவீட்டிற்கு வருவோர் மிகச் சிலரே. தேயிலை மலைகளில் இப்போது வேலை செய்வோரில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்க் குடும்பங்களில் பல ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. தாத்தாவின் நோட்டுப்படி பார்த்தால் இது வீழ்ச்சி. ஆனால் அங்கே முதன்முதலாக வேதம் வாசித்தவர்கள், கணக்கெழுதியவர்கள் சிலர் இன்று வேறு ஊர்களில் சபைகளை நடத்துகிறார்கள். அந்த வரவு எந்த நோட்டிலும் ஏறவில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் இது உங்களுக்கும் உரியதே. ஆலய நிர்வாகம், தோட்டத்துக் காற்பந்துக் குழு, நமது தமிழ்மொழிக் கழகம் என எல்லாவற்றிற்கும் இந்த ஐந்து கேள்விகள் பொருந்தும். விழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். அடுத்த ஆண்டு அந்த விழாவை நடத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் அதன் கீழே ஒரு வரி எழுதுவோமே!