கர்ப்பமானதும் கண் சொட்டு மருந்தை நிறுத்திடலாமா? கிளாக்கோமா உள்ள பெண்கள் கவனத்துக்கு!

'மாசமா இருக்குற புள்ள, கண்ட மருந்தையும் எடுத்துக்காத!' பழனி பக்கத்து கீரனூர் என்றில்லை, எல்லா ஊரிலும் கேட்கிற அறிவுரைதான் இது. நாமாகக் கடையில் வாங்கும் மாத்திரைகளுக்கு அது சரி. ஆனால், உங்களுக்கு ஏற்கெனவே கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் இருந்தால், சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்துவது ஆபத்து.

ஏன் ஆபத்து?

கண்ணுக்குள் சுரக்கும் திரவம் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பாதிக்கப்படும். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப்பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பாது. அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தின் 3 மாவட்டங்களில் 40 வயதைத் தாண்டியவர்களிடம் ஆய்வு நடத்தி, 2003-ல் முடிவை வெளியிட்டது. பரவலான வகை கிளாக்கோமா இருந்தவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோருக்கு, அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

'வயசானவங்களுக்குத்தானே வரும்?' என்று நினைக்காதீர்கள். பிறவியிலேயே வரலாம். கண் அரிப்புக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் போட்டாலும் வரலாம்.

கர்ப்பத்தில் என்ன நடக்கும்?

நல்ல செய்தி... பலருக்குக் கர்ப்பகாலத்தில் கண் அழுத்தம் தானாகவே குறையும். சிலருக்கு மட்டும் ஏறும். நீங்கள் எந்த ரகம் என்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

எந்த மருந்து, எப்போது?

* முதல் 3 மாதங்கள் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் மருத்துவரே மருந்தைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அசிட்டசோலமைடு மாத்திரையை இப்போது தவிர்ப்பார்கள்.
* லட்டனோபிராஸ்ட் வகை மருந்துகள் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டலாம் என்பதால், பொதுவாகத் தவிர்க்கப்படும்.
* டைமலால் போட்டால், குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணிக்க வேண்டும்.
* பிரிமோனிடினைப் பிரசவத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். தாய்ப்பால் வழியே போனால், பச்சிளம் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம்.

குழந்தைக்குத் திட்டமிடும்போதே கண் மருத்துவரிடம் சொல்லிவிட்டால், லேசர் சிகிச்சை மூலம் மருந்தின் தேவையைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பார். கர்ப்பத்தின்போதும் அந்த வழி உண்டு.

ஒரு சின்ன டெக்னிக்

சொட்டு மருந்து போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் மூலையை 2, 3 நிமிடங்கள் விரலால் மெதுவாக அழுத்துங்கள். மருந்து ரத்தத்தில் கலப்பது நன்றாகக் குறையும்.

யாரிடம் சொல்ல வேண்டும்?

செக்கப்புக்குப் போகும்போது சொட்டு மருந்து பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர், மகப்பேறு மருத்துவர், கண் மருத்துவர் மூவருக்கும் விஷயம் தெரிய வேண்டும். கீரனூர்க்காரர்களுக்குப் பழனியில் அரசு மருத்துவமனை, திண்டுக்கல்லில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கின்றன. திடீர் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது... இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். 'மசக்கைதான்' என்று படுத்துவிடாதீர்கள்!